முதலில் ஓர் உறுதியை வாசி, பிள்ளை

உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளியான கிழமையிலிருந்து சனிக்கிழமைகளில் என் சட்ட அலுவலகத்துக்குக் கட்சிக்காரர்களோடு பிள்ளைகளும் வரத் தொடங்குவார்கள். கரம்பொன், நாரந்தனை, வேலணை, புங்குடுதீவுப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். நயினாதீவு, நெடுந்தீவுப் பிள்ளைகள் முதலில் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். திரும்பும் படகின் நேரம் அவர்கள் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் அவர்களோடுதான் முதலில் பேசுவேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டம் படித்துக்கொண்டிருப்பவர்களும் வருவதுண்டு. எல்லோருடைய கேள்வியும் ஒன்றுதான்: "மிஸ், நான் லோ படிக்கலாமோ?"

"ஏன் படிக்க வேணும் எண்டு நினைக்கிறாய்?" என்று நான் கேட்பேன். பாதிப் பேர் சொல்லும் காரணம் விவாதப் போட்டி. வலய மட்டத்தில் பரிசு எடுத்திருப்பார்கள். "நல்லாக் கதைக்கிறாய், நீ அப்புக்காத்துக்குத்தான் சரி" என்று ஆசிரியரோ பெரியப்பாவோ சொல்லியிருப்பார். சிலருக்கு வீட்டில் முடியாத காணி வழக்கொன்று இருக்கும். இன்னும் சிலர் யாரோ ஒருவர் காணாமற்போன வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் காரணத்தை முதல் நாளில் சொல்ல மாட்டார்கள். நானும் கிண்டிக் கேட்க மாட்டேன்.

பேச்சுவன்மை குறைவான தகுதி என்று நான் நினைக்கவில்லை. ஆனால் எங்கள் தீவகத்துச் சட்டத்தரணி ஒருவருடைய வேலைநாளில் எழுந்து நின்று வாதாடும் நேரம் மிகச் சிறிது. மிச்சமெல்லாம் கேட்பதும் எழுதுவதும்தான். வருகிறவர் எண்பது வயது ஆச்சியாக இருக்கலாம். கதையை நடுவிலிருந்து தொடங்குவார், மருமகனை ஏசுவார், அழுவார், முக்கியமான திகதியைக் கடைசியில் போகிறபோக்கில் சொல்வார். அதை முடியுமட்டும் கேட்டு, அதற்குள்ளிருந்து நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய ஒரு சத்தியக்கடதாசியை எடுக்க வேண்டும். அந்தப் பொறுமை இந்தப் பிள்ளைக்கு இருக்கிறதா, வருமா என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

படிக்கும் வழிகளைச் சொல்வது சுலபம். இசட் புள்ளி போதுமென்றால் கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களில் சட்டமாணிப் பட்டம் படிக்கலாம். இல்லையென்றால் 1874இல் தொடங்கிய, கொழும்பு புதுக்கடையிலுள்ள இலங்கைச் சட்டக் கல்லூரி. அதற்குத் தனியாக நுழைவுப் பரீட்சை உண்டு. மொழிக்கு ஒரு தாள், பொது அறிவுக்கும் நுண்ணறிவுக்கும் இன்னொன்று. வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. பட்டத்தைக் கையில் வாங்கிய மறுநாளே கறுப்புக் கோட்டுடன் நீதிமன்றத்தில் நிற்கலாம் என்று நினைக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அப்படியில்லை. பல்கலைக்கழகப் பட்டதாரியும் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை எழுத வேண்டும். மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் பயிற்சி முடிக்க வேண்டும். உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும். அதன் பிறகுதான் சட்டத்தரணி. பெரியவர்கள் இன்னமும் அப்புக்காத்து (அட்வகேட்), பிறக்கராசி (புரொக்டர்) என்று பிரித்துச் சொல்வார்கள். 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் அந்தப் பிரிவை ஒழித்து இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக்கிவிட்டது.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, நுழைவுப் பரீட்சை வகுப்புக்குக் காசு கட்டு முன் இரண்டு வேலை செய்யச் சொல்வேன்.

முதல் வேலை, ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் ஒரு முழுநாள் இருப்பது. நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடக்க வேண்டும் என்று எங்கள் அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை சொல்கிறது. வழக்கில்லாதவரும் போய்ப் பின்வாங்கில் இருக்கலாம். இது பிள்ளைகளுக்குத் தெரியாது. பெற்றோருக்கும் தெரியாது, "கோட்டுப் படி ஏறாத குடும்பம்" என்று பெருமையாகச் சொல்லும் ஊர் எங்களுடையது. மகள் அங்கே போய் இருப்பதை யாராவது கண்டால் என்ன கதைப்பார்கள் என்று தாய்மார் என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். "அம்மா, உங்கட பிள்ளை நாளைக்கு அங்கதான் வேலை செய்யப்போறாள் எண்டால் இண்டைக்கு ஒருக்காப் போய்ப் பாக்கத்தானே வேணும்" என்பேன்.

பெரும்பாலான பிள்ளைகள் சப்பென்ற முகத்தோடு திரும்பி வருவார்கள். "ஒண்டும் நடக்கேல்லை மிஸ். பேர் கூப்பிட்டினம், தவணை போட்டினம், ஆள் போட்டுது." அவர்கள் சொல்வது சரிதான். கசிப்பு, கட்டாக்காலி மாடு, அடிதடி, தாபரிப்பு என்று ஒரு காலையில் கூப்பிடப்படும் வழக்குகளில் அநேகமானவை ஓரிரு நிமிடத்தில் அடுத்த திகதிக்குப் போய்விடும். அப்போது நான் கேட்பேன்: "தாபரிப்பு வழக்குக்கு வந்த அந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு வந்தவள்? அவளின்ர வழக்கு எத்தனை மணிக்குக் கூப்பிட்டது? ஏன் தவணை போட்டது, புருஷன் வரேல்லையோ, அழைப்பாணை சேரேல்லையோ? அவள் போகேக்க முகம் எப்பிடி இருந்தது?" இதற்கு விடை சொல்லக்கூடிய பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி மேலே பேசுவேன். "கவனிக்கேல்லை" என்று சொல்கிற பிள்ளையை இன்னொரு நாளும் போகச் சொல்வேன். சட்டப் புத்தகத்தில் ஒரு தவணை என்பது ஒரு திகதி மட்டும்தான். நெடுந்தீவிலிருந்து வரும் பெண்ணுக்கு அது விடியற்காலைப் படகு, கைக்குழந்தை, ஒருநாள் கூலி, ஒத்துக்கொள்ளாத கடல். அதைக் காணாதவர் பின்னாளில் எழுந்து நின்று தவணை கேட்கத் தயங்க மாட்டார்.

பிள்ளை போன நாள் இந்திய மீனவர்களை முற்படுத்தும் நாளாக அமைந்துவிட்டால் கதை வேறு. நெடுந்தீவுக் கடலில் கடற்படை பிடிக்கும் படகுகளின் ஆட்கள் கடற்றொழில் திணைக்கள அதிகாரிகளிடம் கையளிக்கப்பட்டு ஊர்காவற்றுறை நீதவான் முன் கொண்டுவரப்படுவதுண்டு. இராமநாதபுரம், புதுக்கோட்டை, நாகப்பட்டினக் கரைகளைச் சேர்ந்தவர்கள். படகுச் சொந்தக்காரர் பெரும்பாலும் கரையில். வந்து நிற்பவர்கள் கூலிக்கு ஏறியவர்கள். எங்கள் மொழியே பேசுகிறார்கள். அவர்களில் சில பையன்களுக்கு வாங்கில் இருந்து பார்க்கும் மாணவனின் வயதுதான். அவர்கள் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டு 1979ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க வெளிநாட்டு மீன்பிடிப் படகுகள் ஒழுங்குபடுத்தற் சட்டத்தின் கீழ் வரும். 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, தண்டப்பணம் படகின் நீளத்துக்கேற்பக் கூடும்படி மிகவும் உயர்த்தப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் இழுவைமடித் தொழில் எங்கள் பக்கத்திலும் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

நெடுந்தீவுப் பையன் ஒருவன் அப்படியொரு நாளில் இருந்துவிட்டு வந்தான். தகப்பன் கடற்றொழிலாளி. இரவில் போட்ட வலையை இழுவைப்படகு அறுத்துக்கொண்டு போனால் விடிய வீட்டில் என்ன நடக்கும் என்பது அவனுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. கோபமாக இருந்தான். "அவைக்காக ஒரு லோயர் எழும்பி நிண்டு கதைச்சவர் மிஸ். அப்பாவின்ர வலையை அறுத்தவைக்கு நான் கதைக்க வேண்டி வருமோ?" என்று கேட்டான்.

"வரலாம். கதைப்பியோ?" என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை. நான் அவனிடம் இரண்டு தாள்களைக் கொடுத்தேன். ஒன்றில் அந்தக் கூலிக்காரருக்காகச் சொல்லக்கூடிய எல்லாவற்றையும், மற்றதில் நெடுந்தீவுத் தொழிலாளிக்காகச் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் எழுதிவரச் சொன்னேன். இரண்டையும் வாசிக்கிறவருக்கு எழுதினவன் எந்தப் பக்கத்தான் என்று தெரியக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. அடுத்த கிழமை கொண்டுவந்தான். தகப்பனின் பக்கத்தில் கண்ணீர் இருந்தது, கணக்கு இல்லை. மற்றப் பக்கத்தில்தான் நல்ல கேள்விகள் இருந்தன: படகைச் செலுத்தியவர் யார், எல்லை தெரியும் கருவி படகில் இருந்ததா, சம்பளம் பெறுகிறவனும் சொந்தக்காரனும் ஒரே அளவு பொறுப்பாளிகளா. "அப்பாவின்ர பக்கத்துக்கும் இப்பிடிக் கேள்வி எழுது: வலை எத்தனை, வாங்கின துண்டு இருக்கோ, எத்தனையாம் திகதி, ஆர் கண்டது" என்றேன். நட்டஈடு கேட்டுப் போகும் எங்கள் தொழிலாளர்களின் முறைப்பாடுகள் பெரும்பாலும் அந்தத் துண்டு இல்லாமல்தான் விழுந்துபோகின்றன. அவன் இப்போது சட்டம் படிக்கிறான். வலை வாங்கிய துண்டுகளைப் பத்திரமாக வைக்கும்படி ஊர்ச் சங்கத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் கொழும்புக்குப் போனான்.

இரண்டாவது வேலை: வீட்டில் இருக்கும் காணி உறுதிகளில் பழையதை எடுத்து, அம்மம்மாவோடோ அப்பப்பாவோடோ இருந்து முழுக்க வாசிப்பது. எங்கள் ஊரில் சட்டம் என்றால் முதலில் காணிதான். காணியின் பெயர், பரப்பு, நாலெல்லை, அந்த எல்லைகளில் இருந்தவர்களின் பெயர்கள், விற்றவருக்கு அது வந்த வழி: எல்லாம் உறுதியில் இருக்கும். வாசித்து முடித்து, அந்தக் காணி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று ஒரு வம்சப்படம் கீறிக்கொண்டு வரச் சொல்வேன். முதுசமாக வந்தது எது, சீதனமாகப் போனது எது, கலியாணத்துக்குப் பின் உழைத்து வாங்கிய தேடிய தேட்டம் எது என்று நிறம் போட்டுப் பிரிக்க வேண்டும்.

இங்கேதான் பிள்ளைகளுக்கு எங்கள் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை முதன்முதலாகப் பிடிபடுகிறது. 1707இல் ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வேலைபார்த்த கிளாஸ் ஐசாக்ஸ் எங்கள் வழக்கங்களைக் கேட்டுத் தொகுத்தார். அது தமிழாக்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டிச் சரிபார்க்கப்பட்டது. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். மாற்றங்கள் வந்தன: 1911இல் திருமண உரிமைகள், வழியுரிமை பற்றிய கட்டளைச் சட்டம், 1947இல் அதற்குத் திருத்தம், அதே ஆண்டில் முன்னீட்டுரிமை பற்றித் தனிச் சட்டம். கூட்டுரித்தாளரான சித்தப்பாவுக்குச் சொல்லாமல் பங்கை வெளியாருக்கு விற்ற வீட்டில் ஏன் வழக்கு வந்தது என்பதற்கு அந்தக் கடைசிச் சட்டத்தில்தான் விடை இருக்கிறது. உறுதியோடு வந்த பிள்ளை இந்த ஆண்டுகளை மறப்பதில்லை. தன் பூட்டியின் பெயர் அந்த விதிகளுக்குள் நிற்பதைக் கண்டுவிட்டதல்லவா.

சில பிள்ளைகள் வெறுங்கையோடு வருவார்கள். உறுதி இல்லை. 1990, 91இல் தீவகத்தின் பெரும்பகுதி இடம்பெயர்ந்தபோது தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களும் உண்டு, பிள்ளைகளைத் தூக்கியதால் பெட்டியை விட்டவர்களும் உண்டு. உறுதி இல்லை என்று சொல்லும் பிள்ளையிடம் நான் கூடுதல் நேரம் இருப்பேன். யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் எப்படித் தேடுவது, காணியின் பெயர் தெரியாவிட்டால் எல்லைக்காரரின் உறுதியிலிருந்து எப்படிப் பின்னுக்குப் போவது, பழைய நொத்தாரிசுமாரின் மூலப்பிரதிகள் எங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று சொல்லிக் கொடுப்பேன். சிலர் கண்டுபிடித்தே விடுவார்கள். தகப்பனுக்குக் கிடைக்காத உறுதியைப் பத்தொன்பது வயதுப் பிள்ளை நகல் எடுத்துக்கொண்டு வந்து நிற்கும்போது அந்த முகத்தைப் பார்த்தாலே போதும், இந்தப் பிள்ளை எப்படி உழைக்கும் என்று தெரிந்துவிடும்.

புங்குடுதீவிலும் வேலணையிலும் கூரை போன கல்வீடுகளைக் கண்டிருப்பீர்கள். வாசலில் பூவரசு வேர்விட்டு நிற்கும். அந்த ஒவ்வொரு வீட்டுக்கும் உரிமையாளர் இருக்கிறார்கள். ரொறொன்ரோவில் இருவர், பாரிஸில் ஒருவர், லண்டனில் இறந்துபோன நாலாமவரின் பிள்ளைகள் மூவர். ஊரில் தங்கிய தம்பி ஒருவர் அந்தக் காணியைச் சுத்தமாக்கி, வேலி அடைத்து, தென்னை வைத்திருப்பார். பத்து வருடம் ஆண்டால் தனக்கே சொந்தம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் பத்து வருடம் என்று இருப்பது உண்மை. ஆனால் கூட்டுரித்தாளர் ஒருவர் தனியே இருந்து ஆள்வது மற்றவர்களுக்காகவும் ஆள்வதாகவே கொள்ளப்படும் என்று லண்டன் பிரிவுக் கவுன்சில் 1911இல் கொறயா எதிர் அப்புகாமி வழக்கில் தீர்த்திருக்கிறது. மற்றவர்களை மறுத்து வெளியேற்றியதற்குச் சமமான செயல் ஒன்று வேண்டும். தம்பிக்கு இதைச் சொன்னால் மனம் உடைந்துபோகும். இரவுபகலாகப் பாடுபட்டவர் அவர்தான். வெளிநாட்டிலுள்ள அண்ணைக்குச் சொன்னால் உடனே வழக்குப் போடச் சொல்வார். இரண்டு பேரும் ஒரே தாயின் பிள்ளைகள்.

வேலணைக் குடும்பம் ஒன்றில் இது இப்படித்தான் வந்தது. அப்போது என்னிடம் பயிற்சியிலிருந்த பிள்ளை, சட்டப்படி அண்ணைமார் பக்கம் பலம் என்று அழகாக எழுதித் தந்தாள். எழுதியதில் பிழையே இல்லை. ஆனாலும் நான் அவளைத் தம்பியின் காணிக்கு அனுப்பினேன். கிணறு இறைத்த செலவு, வேலி, தென்னம்பிள்ளை எல்லாவற்றையும் அவர் வாயால் சொல்லக் கேட்டு எழுதிவந்தாள். அந்தப் பட்டியலை அண்ணைமாருக்கு அனுப்பினோம். மூத்தவர் தொலைபேசியில் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கிணத்தடிப் பக்கத்தை அவனுக்கு விடுவம்" என்றார். அற்றோணித் தத்துவம் தூதரகத்தில் உறுதிப்படுத்தப்பட்டு வந்தது, நில அளவையாளர் கல் நாட்டினார், பிரிவினை உறுதி எழுதினோம். நீதிமன்றப் படி ஏறவில்லை. எல்லாக் குடும்பத்திலும் இப்படி முடியும் என்றில்லை. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ்ப் போட்ட வழக்கில் வழக்காளி இறந்து, பிள்ளைகள் அந்த இடத்துக்கு வந்து, அவர்களுக்கும் தலை நரைத்த கதைகள் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ.

போரினால் தம் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே தொடக்கம் 2009 மே வரையான காலத்துக்குரியது. அது குறுகிய காலத்துக்கே திறந்திருந்த வாசல். அந்த வாசல் திறந்திருப்பதே தெரியாமல் இருந்துவிட்டவர்கள் பின்னர் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஊருக்குள் சட்டம் தெரிந்த இளம்பிள்ளைகள் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. வர்த்தமானியை வாசித்து, அதைக் கோயில் வீதியிலும் மீன்சந்தையிலும் விளங்கச் சொல்கிற ஒருவர் ஒவ்வொரு தீவிலும் இருந்திருந்தால் சில குடும்பங்களுக்கு இன்று காணி இருக்கும்.

பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயத்தையும் வாசிக்கக் கொடுப்பேன். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்தச் சீதனக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கணவன் கைவிட்டுப் போயிருந்தால், இருக்கும் இடம் தெரியாவிட்டால், நியாயமில்லாமல் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி பெறலாம். கணவனைத் தேடி வருடக்கணக்காக முகாம்களுக்கும் அலுவலகங்களுக்கும் அலைந்த ஒரு பெண், மகளின் படிப்புக்காகத் தன் தாய் தந்த பனங்காணியை விற்க வரும்போது, "அவரின்ர சம்மதம் வேணும்" என்று நான் சொல்ல வேண்டியிருக்கிறது. காணாமற்போனவர்களுக்கு இல்லாமைச் சான்றிதழ் வழங்க 2016இல் ஏற்பாடு வந்தது. அதற்கு விண்ணப்பிக்கவே சில பெண்கள் அஞ்சுகிறார்கள். விண்ணப்பித்தால் அவர் வரமாட்டார் என்று தாமே ஒத்துக்கொண்டதுபோல் ஆகிவிடுமாம். மரணச் சான்றிதழ் வேறு, இது வேறு என்று மெதுவாக, பல தடவை சொல்ல வேண்டும்.

இதை வாசித்த பெண்பிள்ளைகளுக்குக் கோபம் வரும். "இதை ஏன் இன்னும் மாத்தேல்லை மிஸ்?" என்பார்கள். அந்தக் கோபம் சரியானது. எனக்கும் அது இருக்கிறது. ஆனால் சட்டம் மாறும்வரை அந்தப் பெண்ணின் மகள் காத்திருக்க முடியாது. மாவட்ட நீதிமன்றத்துக்கான மனுவை இந்தக் கிழமையே வரைய வேண்டும். இரண்டையும் செய்யக்கூடியவள் வரட்டும் என்பேன்.

மொழியைப் பற்றிப் பெற்றோர்தான் அதிகம் கவலைப்படுவார்கள். "பிள்ளைக்கு இங்கிலிஷ் காணாது" என்பார்கள். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கான விதிகளைச் சட்டக் கல்விப் பேரவை கொண்டுவந்தபோது, எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அந்த வருடம் விண்ணப்பிப்பதா விடுவதா என்று தடுமாறினார்கள். 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அந்த விதிகளைத் தோற்கடித்தது. அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் அதைச் சொல்லி ஆங்கிலத்தை விடும் பிள்ளையை நான் விடமாட்டேன். சட்ட அறிக்கைகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. எங்கள் சொந்த வழக்கங்களைப் பற்றி எச். டபிள்யூ. தம்பையா எழுதிய பெரிய நூலும் ஆங்கிலத்தில்தான். கோடீஸ்வரன் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்த தமிழ் எழுதுவினைஞர் ஒருவர், சம்பள உயர்வு நிறுத்தப்பட்டதற்காக அரசுமேல் வழக்குப் போட்டார்; 1964இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார், உயர் நீதிமன்றத்தில் தோற்றார், 1969இல் பிரிவுக் கவுன்சில் வரை போனார். தமிழுக்காக நடந்த அந்த வழக்கின் தீர்ப்பை மூலத்தில் வாசிக்க ஆங்கிலம் வேண்டும்.

அதேநேரம், ஊர்காவற்றுறையில் வழக்கு நடப்பது தமிழில். சாட்சி சொல்லும் தமிழ், புத்தகத் தமிழ் அல்ல. ஒரு கிழவர், "அவன் கதியாலைப் பிடுங்கி உள்ளுக்குத் தள்ளிப் போட்டவன்" என்றால், எல்லை வேலியின் கதியால் தன் காணிக்குள் நகர்த்தி நடப்பட்டது என்று அதன் சட்டப் பொருளோடு பதிவுக்குக் கொண்டுவர வேண்டும். நகரத்தில் ஆங்கிலத்தில் படித்து வந்த கெட்டிக்காரப் பிள்ளைகள் இந்த இடத்தில் தடுமாறியதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சிங்களமும் வேண்டும், மேல்முறையீட்டுக்குக் கொழும்புக்குப் போகும்போது அதன் அருமை தெரியும். மூன்று மொழியா என்று மலைக்கும் பிள்ளைக்கு, நாளுக்கு ஒரு பக்கம் மூன்றிலும் வாசி என்பேன். வேறு சுருக்கவழி எனக்குத் தெரியவில்லை.

காசைப் பற்றியும் ஒளிக்காமல் பேச வேண்டும். வெள்ளவத்தையில் அறை வாடகை, சாப்பாடு, கல்லூரிக் கட்டணம், புத்தகம். பிறகு பயிற்சிக் காலம். அதில் கையில் எதுவும் பெரிதாக வராது. சத்தியப்பிரமாணம் செய்த பின்னும் சில வருடங்கள் சீனியரின் பின்னால் வழக்கேட்டைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். வீட்டில் உடனே சம்பளம் தேவைப்படும் மூத்த பிள்ளை என்றால், முதலில் ஓர் அரசாங்க வேலையில் சேர்ந்துவிட்டுத் திறந்த பல்கலைக்கழகத்தில் படி என்று சொல்லத் தயங்க மாட்டேன். வயது போய்விடும் என்று பயப்பட வேண்டாம். நாற்பது வயதில் சத்தியப்பிரமாணம் செய்தவர்கள் நல்ல சட்டத்தரணிகளாக இருக்கிறார்கள். கட்சிக்காரரின் கஷ்டம் அவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

அரசியலுக்குப் போவதற்காகச் சட்டம் படிக்க வருகிறவர்களும் உண்டு. எங்கள் அரசியலில் அது பழைய பாதை. இராமநாதன், ஜீ. ஜீ. பொன்னம்பலம், செல்வநாயகம், எங்கள் ஊர்காவற்றுறைத் தொகுதியில் வி. நவரத்தினம் எல்லோரும் சட்டம் படித்தவர்கள். நீலன் திருச்செல்வம் 1999இலும் குமார் பொன்னம்பலம் 2000இலும் கொல்லப்பட்டதையும் அந்தப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். முதலில் பத்து வருடம் தொழில் செய் என்பதைத் தவிர அவர்களுக்கு நான் வேறொன்றும் சொல்வதில்லை.

சிலரை வேறு வழிக்கும் அனுப்பியிருக்கிறேன். உறுதியின் வரைபடத்தில் மட்டும் கண் போன ஒரு பையனை நில அளவைக்குப் போகச் சொன்னேன். தீவகத்துக்கு நல்ல நில அளவையாளர் ஒருவர், சராசரிச் சட்டத்தரணி மூவருக்குச் சமம். மூன்று மொழியும் சரளமாக இருந்து, ஆட்களோடு பேச மட்டும் கூசிய பெண் இப்போது சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். இரண்டு பக்கத்தையும் இருத்திப் பேசுவதில் நாட்டமுள்ள ஓர் இளைப்பாறிய ஆசிரியர், தானும் சட்டம் படிக்கலாமா என்று மகனோடு வந்தார். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழுள்ள மத்தியஸ்த சபையைப் பற்றிச் சொன்னேன். மகனைவிட அவர்தான் அன்று நிறையக் கேள்வி கேட்டார்.

நயினாதீவுப் பிள்ளை ஒருத்தி இவ்வருடம் வந்தாள். கலைப் பட்டம் முடித்து, அலுவலகம் ஒன்றில் காணிக் கோப்புகளோடு வேலை. தன் அம்மம்மாவின் உறுதியை வாசித்து, வம்சப்படம் கீறி, சீதனத்துக்குப் பச்சை, முதுசத்துக்குச் சிவப்பு என்று நிறமும் போட்டு வந்திருந்தாள். படத்தில் ஓரிடத்தில் கேள்விக்குறி. அம்மம்மாவின் தங்கை ஒருத்திக்குப் பங்கு இருந்திருக்க வேண்டும். எந்த உறுதியிலும் அவள் பெயர் இல்லை. "அவ சின்ன வயசில செத்துப்போனவ எண்டு வீட்டில சொல்லுகினம் மிஸ். இறப்புப் பதிவு தேடினன், கிடைக்கேல்லை. கலியாணப் பதிவு ஒண்டு கிடைச்சது" என்று அதன் நகலை மேசையில் வைத்தாள். பெற்றோருக்குப் பிடிக்காத கலியாணம். பிள்ளைகள் எங்கோ இருக்கக்கூடும். வீட்டார் இப்போது அந்தக் காணியை விற்கப் பார்க்கிறார்கள்.

"வீட்டில சொன்னனியோ?"

"அம்மாவுக்குச் சொன்னனான். பேசாமல் இரு எண்டவ."

"நீ என்ன செய்யப்போறாய்?"

"உறுதி எழுத முதல் அவையைத் தேட வேணும் எண்டு மாமாவுக்குச் சொல்லப்போறன். என்னண்டு சொல்லுறது எண்டுதான் தெரியேல்லை."

அன்று சட்டக் கல்லூரியைப் பற்றி நாங்கள் அதிகம் பேசவில்லை. மாமாவுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் பேசினோம். உரித்தாளர் ஒருவரை விட்டுவிட்டு எழுதும் உறுதி, வாங்குகிறவரையும் விற்கிறவரையும் பின்னால் வழக்குக்கு இழுக்கும் என்பதை முதலில் சொல்லட்டும். குடும்பத்து மானக்கதையை மாமாவே எடுக்கட்டும், அவள் எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். திறந்த பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் நிரப்பினோம். எழும்பும்போது, "படிச்சு முடிச்சால் என்னைப் பயிற்சிக்கு எடுப்பியளோ மிஸ்?" என்று கேட்டாள். எடுப்பேன் என்றேன். முதல் மாதங்களில் நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போக மாட்டேன், அலுமாரியில் இருக்கும் பழைய உறுதிகளுக்கு அட்டவணை போடுவதுதான் வேலை என்றும் சொன்னேன். எத்தனை உறுதி இருக்கிறது என்று கேட்டாள். அலுமாரியைத் திறந்து காட்டினேன்.